கள்ளியின் சாட்சியம்

பெருவிலிருந்து திரும்பி வந்த பிறகு நண்பர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "என்னடா பார்த்த?"

சைக்கடெலிக் என்றாலே அது எதையோ பார்ப்பதற்கு என்று ஒரு எண்ணம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. சுழலும் வண்ணங்கள், பாம்புகள், கடவுள்கள், சினிமாவில் ஹீரோ மயங்கி விழுந்ததும் வருகிற மாதிரியான காட்சிகள். நான் பார்த்ததைச் சொன்னால் சப்பென்று ஆகிவிடும். ஒரு மலையைப் பார்த்தேன். அறுவடை முடிந்த ஒரு மக்காச்சோளக் கொல்லையைப் பார்த்தேன். வாசற்படியில் உட்கார்ந்து சோளம் உதிர்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவை ரொம்ப நேரம் பார்த்தேன். எல்லாமே ஏற்கெனவே அங்கே இருந்தவைதான்.

என்னைக் கேட்டால் கேள்வியே வேறாக இருக்கவேண்டும். "உனக்கு என்ன உறுதியாச்சு?" என்று கேட்கவேண்டும். எனக்குக் காட்சிகளைவிட அதிகமாக அந்தச் செடி கொடுத்தது உறுதியைத்தான். அன்று மதியம் ஒரு விஷயம் கல்வெட்டில் பொறித்ததுபோல எனக்கு உறுதியானது. அதை நம்பலாமா கூடாதா என்று தெரிந்துகொள்ள நான்கு மாதங்களும் ஒரு விமான டிக்கெட்டும் தேவைப்பட்டன.

*

முதலில் செடியைப் பற்றிக் கொஞ்சம்.

சான் பெட்ரோ என்பது தூண் மாதிரி நிமிர்ந்து வளரும் ஒரு கள்ளி. பெரு, எக்வடோர், பொலிவியா நாடுகளின் ஆண்டீஸ் மலைச்சரிவுகளில் வளர்கிறது. அதன் பழைய பெயர் வாச்சுமா. ஸ்பானியர்கள் வந்து எல்லோரையும் கிறிஸ்தவர்களாக்கிய பிறகு செடிக்கும் ஞானஸ்நானம் நடந்துவிட்டது. சான் பெட்ரோ என்றால் புனித பேதுரு. சொர்க்கத்தின் சாவியை வைத்திருப்பவர். அதனால் அந்தப் பெயர் என்று சொல்வார்கள். நம் ஊர் சப்பாத்திக்கள்ளிகூட அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான் என்பதால் இரண்டையும் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். ஆனால் குணம் வேறு.

சான் பெட்ரோவுக்குள் இருப்பது மெஸ்கலின். மெக்சிகோவின் பெயோட்டே கள்ளியில் இருப்பதும் இதே பொருள். ஆர்தர் ஹெஃப்டர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் பெயோட்டேயிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, 1897-இல் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்து, ஆளை ஆட்டுவது இதுதான் என்று உறுதிசெய்தார். 1919-இல் எர்ன்ஸ்ட் ஷ்பேத் அதை ஆய்வகத்திலேயே செய்துகாட்டினார். மூளையில் செரோட்டோனின் வந்து உட்காரவேண்டிய 5-எச்டி2ஏ என்கிற ஏற்பிகளில் மெஸ்கலின் போய் உட்கார்ந்துகொள்கிறது.  அதன் விளைவு அடங்கப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் ஆகும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மனமயக்கப் பொருட்கள் பற்றிய 1971-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் மெஸ்கலின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. அந்த உடன்படிக்கையில் சேரும்போதே பெரு ஒரு விலக்கு கேட்டு வாங்கிக்கொண்டது. அயவாஸ்காவும் சான் பெட்ரோவும் எங்கள் மக்களில் சிலருடைய சடங்குகளில் இருக்கின்றன, அவற்றில் கை வைக்கமாட்டோம் என்பது அதன் சாரம். 2022-இல் சான் பெட்ரோவின் பாரம்பரியப் பயன்பாட்டைத் தேசியப் பண்பாட்டு மரபாகவே பெரு அறிவித்தது. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின்படி மெஸ்கலின் குற்றம். இதய நோய் இருப்பவர்கள், குடும்பத்தில் மனச்சிதைவு இருப்பவர்கள், மனநோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்கு இது ஆபத்தானதும்கூட. நான் யாருக்கும் இதைப் பரிந்துரைக்கவில்லை. ஏன் பரிந்துரைக்கவில்லை என்பதற்குச் சட்டத்தையும் உடம்பையும் தாண்டி இன்னொரு காரணம் இருக்கிறது. அது பின்னால் வரும்.

*

சடங்குக்கு ஒரு வாரம் முன்பு சவீன் தே உவாந்தார் போயிருந்தேன். லிமாவிலிருந்து ராத்திரி பஸ்ஸில் உவாராஸ், அங்கிருந்து மலைப்பாதையில் இன்னும் மூன்று மணி நேரம். கடல் மட்டத்திலிருந்து 3,100 மீட்டருக்கு மேலே, இரண்டு ஆறுகள் சேருமிடத்தில் ஒரு கல் கோயில். இன்காக்களுக்கு ஈராயிரம் ஆண்டுகள் மூத்தது.

அங்கே தரைமட்டத்துக்குக் கீழே இறங்கிய வட்ட வடிவச் சதுக்கம் ஒன்று இருக்கிறது. அதன் சுவரில் பதித்திருந்த கற்பலகைகளில் ஒன்றில் ஓர் உருவம். கோரைப்பற்கள், பாம்புகளாக நெளியும் தலைமுடி, கையில் ஆளுயரத்துக்கு ஒரு கள்ளி. சான் பெட்ரோதான். சந்தேகமே வேண்டாம், வரிவரியான விலாக்களைக்கூட சிற்பி விடவில்லை. சுமார் மூவாயிரம் ஆண்டுகளாக அந்த ஆள் கள்ளியைக் கீழே வைக்கவில்லை.

கோயிலுக்கு அடியில் கல்லால் கட்டிய குறுகலான சுரங்க அறைகள். ஒரு திருப்பத்தில் வெளிச்சம் முழுதாகப் போய்விடுகிறது. நடுவில், நாலரை மீட்டர் உயரத்தில், ஈட்டி மாதிரி நிற்கும் ஒரு கிரானைட் கல். லான்சோன் என்கிறார்கள். பாதிச் சிரிப்பும் பாதி உறுமலுமான ஒரு முகம் அதில் செதுக்கியிருக்கிறது. 2001-இல் இங்கே ஓர் அறையிலிருந்து இருபது சங்கு ஊதுகொம்புகளைத் தோண்டி எடுத்தார்கள். அந்த இருட்டில், அந்தக் கல் சந்துகளில், எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் இருபது சங்கும் சேர்ந்து ஊதினால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். கள்ளிச்சாறு உள்ளே போன ஒருவனுக்கு அது என்னவாகக் கேட்டிருக்கும்?

இங்கே பல ஆண்டுகள் அகழாய்வு செய்த ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் ஜான் ரிக்குக்கு இதற்கு ஒரு விளக்கம் உண்டு. ஒலி, இருட்டு, வெளிச்சம், மனமயக்கச் செடி எல்லாவற்றையும் சேர்த்து பூசாரிகள் தங்கள் அதிகாரத்துக்கான நம்பிக்கையை இங்கே உற்பத்தி செய்தார்கள் என்கிறார். எங்கோ மலையிலிருந்து வந்த ஒரு சின்னத் தலைவன் உள்ளே போகும்போது ஆயிரம் சந்தேகத்தோடு போவான். வெளியே வரும்போது ஒரு சந்தேகமும் இருக்காது. இவர்களுக்குத் தெய்வத்தோடு நேரடிப் பேச்சு என்று நம்பிக்கொண்டு ஊருக்குப் போவான்.

அதைப் படித்தபோது 'அடேயப்பா, என்ன சிஸ்டம் டிசைன்' என்றுதான் முதலில் தோன்றியது. அது தொழில் புத்தி. ஆனால் அந்த விளக்கத்தில் ஒரு வார்த்தை மட்டும் என்னோடு பஸ்ஸில் ஏறிக்கொண்டது. உற்பத்தி. அப்படியானால் உறுதியை உற்பத்தி செய்ய முடியுமா?

*

சடங்கு பிசாக்கில் நடந்தது. குஸ்கோவுக்குப் பக்கத்தில், வில்கனோட்டா ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். ஜூன் மாதம், மழை இல்லாத காலம். பகலில் சுள்ளென்று வெயில், நிழலுக்குள் காலை வைத்தால் குளிர். நாங்கள் ஏழு பேர். எங்களை வழிநடத்தியவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பெருவின் வடக்கே உவான்கபாம்பா பக்கத்துக்காரர். மலை ஏரிகளுக்கும் வைத்தியர்களுக்கும் பேர்போன ஊர் அது. பிழைப்புக்காக இங்கே வந்துவிட்டார். ஸ்பானிஷில் அவர் சொல்வதை எங்களோடு வந்த ஒரு சிலி நாட்டுப் பெண் ஆங்கிலத்தில் சொன்னாள்.

"எங்கள் ஊரில் இதை ராத்திரியில்தான் செய்வோம்," என்றார். "இங்கே வருகிறவர்களுக்கு மலை தெரியவேண்டும். அதனால் பகலில்."

அவர் ஊரில் இன்னொரு வித்தியாசமும் உண்டாம். அங்கே வருகிறவர் நோயாளி. வயிற்றுவலி, வியாபார நஷ்டம், ஓடிப்போன புருஷன், பக்கத்து வீட்டுக்காரி வைத்த செய்வினை என்று ஏதோ ஒரு கஷ்டத்தோடு வருவார். வைத்தியர் தன் முன்னால் துணி விரித்து, வாள், சங்கு, சிலுவை, பழங்காலக் கற்கள் எல்லாம் வரிசையாக வைத்து, கள்ளிச்சாறு குடித்து, வந்தவருக்கு என்ன கோளாறு என்று பார்ப்பார். நோயாளியும் குடிப்பதுண்டு. ஆனால் பார்வை வைத்தியருடையது, பிரச்சினை நோயாளியுடையது. 1970-களில் எதுவார்தோ கால்தெரோன் என்ற வைத்தியரோடு இருந்து டக்ளஸ் ஷாரன் என்ற மானுடவியலாளர் எழுதிய புத்தகத்திலும் இதே ஏற்பாடுதான் வருகிறது. கால்தெரோன் மீன் பிடித்தவர், சிற்பம் செய்தவர். அவருக்கு வைத்தியம் என்பது அடுத்தவருக்காகச் செய்கிற ஒரு வேலை.

"இங்கே வருகிறவர்களுக்கு என்ன நோய் என்று அவர்களுக்கே தெரியாது," என்றார் எங்கள் ஆள். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

சாறு பச்சையாக, கெட்டியாக இருந்தது. வெண்டைக்காய்க் கொழகொழப்பு, வேப்பங்கொழுந்துக் கசப்பு. ஒரு மணி நேரத்தில் வயிற்றைப் புரட்டியது. வேலியோரம் போய் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வந்தேன். அதற்கப்புறம் எதுவுமே நடக்கவில்லை. காசு போச்சு என்று நினைத்துக்கொண்டே பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

எப்போது ஆரம்பித்தது என்று சொல்ல முடியாது. எதிரே மலையில் இன்காக்கள் வெட்டிய படிக்கட்டு வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்ப்பது முடியவே இல்லை. அதுதான் அடையாளம். சாதாரணமாக நாம் ஒன்றைப் பார்ப்பது அரை நொடி. 'மலை' என்று பெயர் வைத்துவிட்டு மனசு அடுத்ததற்குப் போய்விடும். அன்றைக்குப் பெயர் வைக்கிற அந்த ஆள் லீவில் போயிருந்தான்.

அப்புறம் அந்த அம்மா. பக்கத்து வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து மக்காச்சோளக் கதிர்களிலிருந்து முத்துகளை உதிர்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பள்ளத்தாக்கின் வெள்ளைச் சோளம் உலகத்திலேயே பெரியது, ஒரு முத்து கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிதாக இருக்கும். கட்டைவிரலால் ஒரு அழுத்து, ஒரு திருகு, நாலு முத்து கூடையில். அவருக்கு அவசரமும் இல்லை, நிதானமாக இருக்கவேண்டும் என்ற முயற்சியும் இல்லை. அவ்வளவுதான். அதில் எனக்கு அலுக்கவே இல்லை.

மூன்று மணி இருக்கும். அப்போதுதான் அப்பா வந்தார்.

*

என் அப்பா அரசு பஸ் கண்டக்டராக இருந்தவர். திருநெல்வேலிக்கும் தென்காசிக்கும் நடுவில் வாழ்க்கையில் பாதியை நின்றுகொண்டே கழித்தவர். வாய்தான் அவருக்கு எல்லாம். நூறு பேர் ஏறிய பஸ்ஸில் கடைசி சீட்டு ஆளிடம் சண்டை போட்டுக்கொண்டே முன்சீட்டுப் பாட்டியிடம் பேரன் எப்படி இருக்கான் என்று விசாரிப்பார்.

அவருக்கு இரண்டு வருடங்களுக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. மூளையின் இடது பக்கம். வலது கை கொஞ்சம் தேறிவிட்டது. பேச்சு வரவில்லை. அஃபேசியா என்றார்கள். மற்றவர்கள் சொல்வது பெரும்பாலும் புரியும், பதில் சொல்ல வார்த்தை வராது. 1861-இல் பால் ப்ரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். பல வருடங்களாக அந்த மனிதரிடம் மிஞ்சியிருந்தது 'டான்' என்கிற ஓர் அசை மட்டுமே. எதைக் கேட்டாலும் டான், டான். என் அப்பாவிடம் மிஞ்சியது "அதான்". சாப்பிட்டீங்களாப்பா? அதான். கால் வலி எப்படி? அதான். நான் யாருப்பா? கொஞ்ச நேரம் என்னைப் பார்ப்பார். "அதான்."

நான் இருப்பது அமெரிக்காவின் மேற்குக் கரையில். என் சனிக்கிழமை ராத்திரி அவருக்கு ஞாயிற்றுக்கிழமை காலை. வீடியோ காலில் அம்மா போனைப் பிடித்துக்கொள்வாள். நான் பேசுவேன், அவர் சிரித்து "அதான்" என்பார்.

பிசாக்கில் பாறையில் சாய்ந்திருந்தபோது அந்த "அதான்" கேட்டது. காதில் கேட்டதா என்றால் இல்லை. நினைவில் வந்ததா என்றால் அதைவிடப் பக்கத்தில். திடீரென்று அந்தச் சொல் எனக்கு முழுசாகப் புரிந்துவிட்டது. அது குறை இல்லை. எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்ட ஒருவர் கடைசியில் வைத்த புள்ளி அது. அப்பா எங்கும் அடைபட்டிருக்கவில்லை. வார்த்தைகள் தேவைப்படாத ஓர் இடத்துக்குப் போய்விட்டார். நிம்மதியாக இருக்கிறார். நிம்மதியாக இருக்கிறார் என்பது எதிரே மலை இருக்கிறது என்பதைவிட உறுதியாக எனக்குத் தெரிந்தது. சந்தோஷத்தில் அழுதேன். ரொம்ப நேரம் அழுதேன். இரண்டு வருடங்களாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது.

இன்றும் சொல்வேன், என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான மதியம் இன்னொன்று வந்ததில்லை.

*

மறுநாள் காலை எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து அவரவருக்குக் கிடைத்ததைச் சொன்னோம். ஒருத்திக்குத் தன் கல்யாணம் முடிந்துவிட்டது என்று தெரிந்தது. ஒருவருக்கு வங்கி வேலையை விடவேண்டும் என்று தெரிந்தது. இன்னொருவருக்குப் பிரபஞ்சமே அன்பால் ஆனது என்று தெரிந்தது. சிலி நாட்டுப் பெண்ணுக்கு இறந்துபோன தங்கை தன்னை மன்னித்துவிட்டாள் என்று தெரிந்தது. எல்லோர் முகத்திலும் ஒரே மாதிரியான வெளிச்சம். யாரும் 'நினைக்கிறேன்', 'தோணுது' என்று சொல்லவில்லை. தெரிந்தது, தெரிந்தது, தெரிந்தது.

எனக்கு வயிற்றில் லேசாக ஏதோ பிசைந்தது. ஏழு பேருக்கு ஏழு உண்மை. ஏழின் மேலும் ஒரே முத்திரை.

டெஸ்ட் எழுதித்தான் எனக்குச் சோறு. நூறு டெஸ்ட் ஓடி நூறும் பச்சை காட்டினால் ஜூனியர் பையன்கள் கைதட்டுவார்கள். கொஞ்சம் அடிபட்டவன் முதலில் கோடை வேண்டுமென்றே உடைத்துப் பார்ப்பான். அப்போதும் பச்சை காட்டினால் அந்த டெஸ்ட் எதையும் சோதிக்கவே இல்லை என்று அர்த்தம். எதை உள்ளே போட்டாலும் 'உண்மை' என்று வெளியே வருகிற கருவியிடமிருந்து ஒரு தகவலும் கிடைக்காது.

இதை என்னைவிட ரொம்ப முன்னாலேயே யோசித்தவர்கள் உண்டு. வில்லியம் ஜேம்ஸ் 1902-இல் வெளிவந்த சமய அனுபவங்கள் பற்றிய நூலில் மெய்ஞ்ஞான அனுபவத்துக்கு நான்கு அடையாளங்கள் சொன்னார். அவற்றில் ஒன்று, அது வெறும் உணர்ச்சியாக இல்லாமல் அறிவாக வந்து இறங்கும் என்பது. ஏதோ தெரிந்துவிட்டது என்கிற உணர்வு. நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவை முகர்ந்து அந்த உணர்வைத் தானே பார்த்தவர் அவர். பெயோட்டேயும் தின்று பார்த்தார். அதில் கிடைத்தது வாந்தி மட்டும்தான். அந்த அனுபவங்களை அவர் கேலி செய்யவில்லை. பட்டவருக்கு அது அதிகாரமுள்ளது, மற்றவர்கள் அதை அப்படியே ஏற்கவேண்டிய கட்டாயம் இல்லை என்று கோடு போட்டார்.

1953 மே மாதம் ஆல்டஸ் ஹக்ஸ்லி லாஸ் ஏஞ்சலிஸில் 0.4 கிராம் மெஸ்கலின் எடுத்துக்கொண்டு ஒரு பூச்சாடியையும் தன் கால்சட்டையின் மடிப்புகளையும் பார்த்தார். அடுத்த வருடம் வந்த அவருடைய 'தி டோர்ஸ் ஆஃப் பெர்செப்ஷன்' எல்லோருக்கும் தெரியும். அதில் பலர் கவனிக்காமல் தாண்டிப் போகிற இடம் ஒன்று உண்டு. நாற்காலியும் மடிப்பும் அவ்வளவு அற்புதமாகத் தெரிந்த அந்த நேரத்தில் அறையில் இருந்த மனிதர்களின் கண்களைத் தான் தவிர்த்ததாக அவரே எழுதியிருக்கிறார். ஆக்ஸ்ஃபோர்டில் கீழைச் சமயங்களைக் கற்பித்த ஆர். சி. ஸேனர் இதையெல்லாம் படித்து எரிச்சலாகி, தானும் மெஸ்கலின் எடுத்துப் பார்த்தார். அவருக்கு எல்லாம் அபத்தமாகவும் சிரிப்பாகவும் இருந்தது. 1957-இல் ஹக்ஸ்லியை மறுத்து ஒரு புத்தகமே போட்டார். ஒரே மூலக்கூறு, இரண்டு அறிஞர்கள், இரண்டு முடிவு.

தேஜா வூ எல்லோருக்கும் வந்திருக்கும். முதல்முறை போகிற தெருவில் 'இங்கே ஏற்கெனவே வந்திருக்கோமே' என்று தோன்றும். நினைவு இல்லாமலே நினைவின் உணர்வு மட்டும் தனியாக வருகிறது. அதேபோல உண்மை இல்லாமலே உண்மையின் உணர்வு மட்டும் தனியாக வரலாம். வந்தது பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. அந்த உணர்வு சாட்சி ஆகாது, அவ்வளவுதான்.

இதில் என் விஷயம் இன்னும் மோசம். ஒரு சாட்சியை விசாரிக்கும்போது இந்தச் சாட்சியால் யாருக்கு லாபம் என்று கேட்பார்கள். அப்பா நிம்மதியாக இருக்கிறார் என்பதால் யாருக்கு லாபம்? பூமிக்கு அந்தப் பக்கம் வேலையில் இருக்கிற மகனுக்கு. அவன் ஊருக்குப் போகவேண்டிய அவசியத்தை அந்த ஒரு வாக்கியம் ரத்து செய்துவிடும். இவ்வளவு தோதான ஓர் உண்மை, இவ்வளவு அழகாக, அழுகையோடு வந்து சேர்ந்தால் சந்தேகப்படாமல் என்ன செய்வது?

கிளம்பும்போது எங்கள் வழிகாட்டியிடம் கேட்டேன். உங்கள் ஊரில் வைத்தியர் பார்த்தது சரிதானா என்று எப்படித் தெரியும்? அவருக்கு அது கேள்வியாகவே படவில்லை. "நோயாளி ஒரு மாதம் கழித்து வருவார். வலி போச்சா இல்லையா சொல்வார்," என்றார். பிறகு, "இங்கே யாரும் திரும்பி வந்து சொல்வதில்லை," என்றார்.

எங்கள் பக்கம் சுடலைமாடன் கோயில் கொடையில் சாமியாடி குறி சொல்வார். அங்கே செடியும் இல்லை, சாறும் இல்லை. அதனால் இரண்டையும் ஒன்று என்று சொல்லமாட்டேன். ஆனால் சாமியாடி சொன்ன குறியை ஊர் மறக்காது. பலிக்கவில்லை என்றால் அடுத்த கொடையில் அவர் முன்னால் கூட்டம் குறைந்துவிடும். ஆடியவருக்கு எவ்வளவு உறுதியாக இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு ஊரும் இல்லை, நோயாளியும் இல்லை. பார்த்தவனும் நானே, பலன் பெறுகிறவனும் நானே, சரிபார்க்கவேண்டியவனும் நானே. டிக்கெட் போட்டேன்.

*

அக்டோபரில் மூன்று வாரம் வீட்டில் இருந்தேன்.

இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே அம்மாவிடம் கேட்டேன். அப்பா நிம்மதியாத்தானம்மா இருக்காங்க?

அம்மா நிமிரவில்லை. "போன்ல உன்னயப் பாத்துச் சிரிப்பாக. நீ வச்சப்பொறவு அரமணி நேரம் செவுத்தப் பாத்து உக்காந்திருப்பாகய்யா. கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாக."

அதற்கு மேல் விசாரணை தேவையில்லை. ஆனாலும் மீதி நாட்களில் மீதியையும் பார்த்தேன். பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் இரண்டு முறை ஒரு பெண் வருவார். படம் போட்ட அட்டைகளைக் காட்டி இது என்ன என்பார். பசு. குடை. சாவி. அப்பாவுக்கு அது என்ன என்று தெரியும். நாக்கின் நுனியில் இருக்கும், வராது. முகம் சிவக்கும், கழுத்து நரம்பு புடைக்கும். ஒரு நாள் சாவி அட்டையை வாங்கி விட்டெறிந்துவிட்டார். புள்ளி வைத்து முடித்தவரின் முகம் இல்லை அது. வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி வைக்கப்பட்டவரின் முகம்.

பிசாக்கில் எனக்கு உறுதியானது நடக்கவில்லை. கள்ளியின் சாட்சியம் தள்ளுபடி. யாருக்கும் இதைப் பரிந்துரைக்காததற்கு இன்னொரு காரணம் என்று சொன்னேனே, அது இதுதான். அது காட்டுவதைச் சரிபார்க்க ஆளும் நேரமும் வேண்டும். பலருக்கு இரண்டும் இருக்காது. முத்திரை மட்டும் இருக்கும். அதை வைத்துக்கொண்டு கல்யாணத்தை முறிப்பார்கள், வேலையை விடுவார்கள், இல்லையென்றால் ஊருக்குப் போகாமல் இருந்துவிடுவார்கள். சில சமயம் அது சரியாகவும் இருக்கும். எது சரி என்று முத்திரையைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது.

இத்தோடு முடித்திருந்தால் கணக்கு எளிது. ஆனால் அந்த மதியத்திலிருந்து ஒன்று மிச்சமிருந்தது. அது எனக்கு மூன்றாவது வாரத்தில்தான் தெரிந்தது.

அப்பா ஒரு வார்த்தைக்காகத் திணறும்போது சுற்றியிருக்கிற எல்லோரும் முந்திக்கொண்டு எடுத்துக்கொடுப்போம். தண்ணியா? பேப்பரா? ஃபேனா? பாசத்தில் செய்வதுதான். அவர் தலையை ஆட்டி "அதான்" என்று முடித்துவிடுவார். அவருடைய வேகம் வேறு, எங்கள் வேகம் வேறு. பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண் ஒருமுறை சொன்னார்: "சார், நீங்க மனசுக்குள்ள இருபது வரைக்கும் எண்ணுங்க. அதுக்கப்புறம் உதவி பண்ணுங்க." எண்ணிப் பாருங்கள். எதிரே ஒருவர் திணறும்போது இருபது என்பது ரொம்ப நீளம்.

எனக்கு எண்ணவேண்டியிருக்கவில்லை. சோளம் உதிர்த்த அந்த அம்மாவைப் பார்த்தமாதிரி அப்பாவைப் பார்க்க முடிந்தது. அவர் முகத்தில் ஒரு வார்த்தை கிளம்புவது, வழியில் நிற்பது, திரும்புவது, வேறு வழி தேடுவது எல்லாம் தெரிந்தது. அவசரம் வரவில்லை. அந்த மலைச்சரிவில் கிடைத்த செய்தி உதவவில்லை, கிடைத்த நிதானம் உதவியது. அதற்குக் கள்ளி தேவையா என்றால் தேவையில்லை. அந்தப் பெண்ணுக்கு அது தொழிலிலேயே இருந்தது. என் அம்மாவுக்கு வெங்காயம் உரிப்பதில் இருந்தது. எனக்கு அது இப்படித்தான் வந்து சேர்ந்தது. மருந்தின் வேலை அன்று ராத்திரியே முடிந்துவிட்டது. மிச்சத்தைத் தினமும் உட்கார்ந்துதான் காப்பாற்றவேண்டியிருக்கிறது. சில நாள் முடிகிறது, சில நாள் போனை நோண்ட ஆரம்பித்துவிடுகிறேன்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது. சும்மா, விளையாட்டாக "பேட்டை" என்றேன். அப்பா திரும்பினார். நான் எதுவும் எடுத்துக்கொடுக்கவில்லை. ரொம்ப நேரம் ஆனது. அப்புறம் அவர் தொண்டையிலிருந்து, பழைய குரலில், ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது: "சீதபற்பநல்லூர், ஆலங்குளம், பாவூர்சத்திரம், தென்காசி."

இது அதிசயம் இல்லை. எண்கள், கிழமைகள், பாட்டு மாதிரி மனப்பாடமாக ஓடுகிறவை பேச்சு போனவர்களிடமும் சில சமயம் தங்கிவிடும் என்று பயிற்சி கொடுக்கிற பெண் சொன்னார். வாழ்க்கை பூராவும் கூவிய ஊர்ப்பெயர்கள் வேறெங்கோ பத்திரமாக இருந்திருக்கின்றன. சொல்லி முடித்ததும் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள்.

இப்போது வீடியோ கால் ஒரு மணி நேரம் ஓடுகிறது. அதில் முக்கால்வாசி யாரும் பேசுவதில்லை. அம்மா போனை ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விடுவாள், நான் இங்கே ராத்திரிச் சமையலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நடுநடுவே ரூட் போவோம். சென்னை ஆஃபீஸுக்கு மாறுவதற்கு எழுதிக்கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. அப்பாவின் கோபம் குறையவில்லை. அட்டைகள் இன்னும் பறக்கின்றன. போனை வைத்த பிறகு சுவரைப் பார்த்து உட்கார்வது கொஞ்சம் குறைந்திருக்கிறது என்கிறாள் அம்மா. அவள் சொன்னால் நம்பலாம்.

போன வாரம் அவர் கவனிக்கிறாரா என்று பார்க்க, வேண்டுமென்றே ஆலங்குளத்தை விட்டுவிட்டு நேராகப் பாவூர்சத்திரம் என்றேன். அப்பா முறைத்தார். கையைத் தூக்கிப் பஸ்ஸை நிறுத்தினார்.